அணு உலைக்கு அருகே வீடு கட்டலாமா?

ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய், ஒரு வீடு கட்டி, கொல்லையில் ஒரு முருங்கை நட்டு, நிம்மதியாக உட்கார வேண்டும்.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களில் இந்த ஆசை இல்லாதவர்கள் மிகக் குறைவு. லேக் மார்க்கெட்டில் வாழை இலை கிடைக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது, காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனைகூடக் கிடைக்கிறது. ஆனாலும் ஊர் ஊர்தான்.

லேக் கார்டன்சில் வசிக்கும் ஒரு பெரியவருக்கும் இந்த ஆசை உண்டு. வயது 66. 1982-ம் ஆண்டு, ஒரு தகரப் பெட்டியுடன் ஹவுரா நிலையத்தில் வந்து இறங்கியவர். தனியார் கம்பெனி ஒன்றில் 38 ஆண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். "பெயரைப் போட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

ஊரில் அவருக்கு 8 சென்ட் நிலம் இருக்கிறது. கையில் பி.எப். பணம் இருக்கிறது. கொத்தனாரும் பேசி வைத்தாகிவிட்டது. ஆனால் வேலை மட்டும் தொடங்கவில்லை.

என்ன காரணம்?

அவருடைய கிராமம் நெல்லை மாவட்டம் ராதாபுரம் வட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து கூடங்குளம் அணுமின் நிலையம் 10 கிலோமீட்டர் தூரம்.

"கட்டினால் அங்கேதான் கட்டுவேன்" என்கிறார் பெரியவர்.

"தாராளமாகக் கட்டுங்கள். நான் வரமாட்டேன்" என்கிறார் அவருடைய மனைவி.

புதிதாக அணுமின் நிலையங்கள் கட்டலாமா, கூடாதா என்று டெல்லியில் பேசுகிறார்கள். லேக் கார்டன்சில் ஒரு வீட்டில் அந்த விவாதம் அடுப்படி வரை வந்துவிட்டது.

ஒரு திண்ணை, இரண்டு கடற்கரை

லேக் கார்டன்ஸ் ரெயில் நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தப் பழைய மாடி வீடு. மேலே வீட்டுக்காரர். கீழே நம் பெரியவர் குடித்தனம். வாசலில் சிமெண்டுத் திண்ணை. வங்காளிகள் அதை "ரோக்" என்பார்கள். பெயர்தான் வேறு; அரட்டை ஒன்றுதான்.

வீட்டுக்காரர் 80 வயதைத் தாண்டியவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். தெருவே அவரை "மாஸ்டர் மொஷாய்" என்று அழைக்கிறது. அவருக்குச் சொந்த ஊர் கிழக்கு மேதினிப்பூர் மாவட்டம், கோண்டாய் அருகே ஒரு கடலோரக் கிராமம்.

மாலை ஆனதும் இருவரும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். மண் கோப்பையில் தேநீர் வரும். பட்ஜ் பட்ஜ் ரெயில் கடகடவென்று போகும்போது பேச்சு நிற்கும். ரெயில் போனதும் விட்ட இடத்தில் தொடரும்.

இந்த இருவருடைய ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு கடற்கரைகளையும் ரஷிய அணு உலைகளுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் இடத்தில் உலை எழுந்தது. மற்றோர் இடத்தில் எழவில்லை.

எழுந்த இடத்துக்காரர் கீழ் வீட்டில். எழாத இடத்துக்காரர் மேல் வீட்டில். நாமும் ஒரு மாலை அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம்.

அரிக்கேன் விளக்குக் காலம்

"மின்சாரம் வேண்டாம் என்று இந்தத் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நாள் தெரிந்தவர்கள் சொல்லவே மாட்டார்கள்" என்று பெரியவர் ஆரம்பித்தார்.

அவர் வந்து இறங்கியபோது கல்கத்தா இருட்டு நகரமாக இருந்தது. "லோடு ஷெட்டிங்" என்ற வார்த்தை ரிக்ஷாக்காரருக்கும் தெரியும். மாலையில் விளக்கு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் அரிக்கேன் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆபீசில் மின்விசிறி நின்றுவிட்டால், லெட்ஜரில் வியர்வை சொட்டும். மேன்சன்களில் தங்கியிருந்த நம்மவர்கள் மொட்டை மாடியில் பாயை விரித்தார்கள்.

பிறகு நிலைமை மாறியது. கோலாகாட் அனல் மின் நிலையம் 1980-களில் ஓடத் தொடங்கியது. லேக் கார்டன்ஸ் வழியாகப் போகும் ரெயில் முடிகிற பட்ஜ் பட்ஜில், 1997-ல் இன்னொரு அனல் நிலையம் வந்தது. பின்னர் அது 750 மெகாவாட் அளவுக்கு வளர்ந்தது.

இருட்டு போனது. எதனால் போனது? நிலக்கரியால்.

நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். லேக் கார்டன்சில் மின்விசிறி சுற்றுகிறது. சாம்பல் வேறு யாருடைய ஊரிலோ விழுகிறது.

"இதை மறந்துவிட்டு அணுவைப் பற்றி மட்டும் பேசுவது நியாயம் அல்ல" என்றார் பெரியவர். மாஸ்டர் மொஷாய் மறுக்கவில்லை. கோலாகாட் அவருடைய மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் புகைபோக்கிகளைத் தாண்டித்தான் போகிறார்.

ஹரிப்பூர் மறித்த கதை

கோண்டாய் பக்கத்துக் கடற்கரையில் ஹரிப்பூர் என்று ஒரு கிராமம். சுற்றிலும் நெல் வயல், முந்திரித் தோப்பு, மீன்பிடி ஊர்கள். அருகே ஜுன்புட் கரையில் மூங்கில் பந்தல் கட்டி மீன் காய வைப்பார்கள். கருவாட்டு வாசனை காற்றில் வரும். தூத்துக்குடிக்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டி அங்கே கொண்டுபோய் விட்டால், சொந்த ஊர் என்றே நினைத்துக்கொள்வார்.

அந்த இடத்தில் பெரிய அணுமின் நிலையம் ஒன்று கட்டத் திட்டம் வந்தது. அப்போது மேற்கு வங்கத்தில் இடதுசாரி ஆட்சி. புத்ததேவ் பட்டாச்சார்யா முதல்-மந்திரி. அவருடைய அரசு திட்டத்தை ஆதரித்தது.

2006-ம் ஆண்டு நவம்பரில் இடத்தைப் பார்வையிட அதிகாரிகள் குழு வந்தது. கிராம மக்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் திரண்டார்கள். வண்டிகள் மேலே போக முடியவில்லை. வந்தவர்கள் திரும்பினார்கள்.

அடுத்த சில மாதங்களில், அதே மாவட்டத்து நந்திகிராமில் நிலப் பிரச்சினை வெடித்தது. 2007 மார்ச் 14-ந் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாவட்டத்தில் நிலம் என்ற பேச்சை எடுக்கவே எல்லாரும் தயங்கினார்கள்.

ஆனால் திட்டம் காகிதத்தில் உயிரோடு இருந்தது. 2009-ல் ரஷிய உலைகளுக்கான இடங்களில் ஒன்றாக ஹரிப்பூரின் பெயரும் சேர்க்கப்பட்டது.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. மம்தா பானர்ஜி முதல்-மந்திரி ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டில், ஹரிப்பூரில் அணுமின் நிலையம் இல்லை என்று மாநில அரசு அறிவித்தது.

"சந்தோஷம்தானே?" என்று கேட்டோம்.

"சந்தோஷம்தான். ஆனால் எங்களை எப்போது கேட்டார்கள்? வண்டியை மறித்த பிறகுதான் கேட்டார்கள்" என்றார் மாஸ்டர் மொஷாய்.

கூடங்குளம் எழுந்த கதை

கூடங்குளத்தின் கதை இன்னும் நீளம்.

1988 நவம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் ஒப்பந்தம் செய்தார்கள். செர்னோபில் விபத்து நடந்து அப்போது இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. 1989 மே மாதம் கன்னியாகுமரியில் மீனவர்கள் பெரும் பேரணி நடத்தினார்கள். அணு உலை எதிர்ப்பும் அதில் ஒலித்தது. பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

1991-ல் சோவியத் யூனியனே உடைந்தது. திட்டம் தூங்கியது. 1998-ல் ரஷியாவுடன் மீண்டும் ஒப்பந்தம். 2002-ல் கட்டுமானம் தொடங்கியது.

2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பூகம்பம்; சுனாமி. புகுஷிமா அணுமின் நிலையத்தில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

அந்தக் காட்சியை டெலிவிஷனில் பார்த்தவர்கள் நெல்லைக் கடற்கரை மக்கள். 2004 சுனாமியை நேரிலும் பார்த்தவர்கள். செப்டம்பரில் இடிந்தகரை மாதா கோவில் பந்தலில் உண்ணாவிரதம் தொடங்கியது. பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சுப. உதயகுமார் தலைமையிலான அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் போராட்டத்தை நடத்தியது.

மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தவேண்டும் என்று, முதல்-மந்திரி ஜெயலலிதாவின் மந்திரிசபை அந்த மாதமே தீர்மானம் போட்டது. ஆறு மாதம் கழித்து, 2012 மார்ச் 19-ந் தேதி, நிலையத்தைத் திறக்க அதே மந்திரிசபை ஒப்புதல் தந்தது. சுற்றுவட்டார வளர்ச்சிக்கு ரூ.500 கோடி என்றும் அறிவித்தது.

2012 செப்டம்பர் 10-ந் தேதி, கடற்கரையில் கூடிய மக்கள் மீது போலீசார் தடியடி நடத்தினார்கள். கண்ணீர்ப் புகை வீசினார்கள். அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிர் இழந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. தேசத்துரோக வழக்கும் அதில் உண்டு.

2013 மே 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நிலையத்துக்கு அனுமதி அளித்தது. பாதுகாப்புக்கென்று பல கட்டளைகளையும் விதித்தது. அந்த ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. 2016 ஜூலையில் இரண்டாவது உலை. தலா 1,000 மெகாவாட்.

முதலில் போட்ட மதிப்பீடு ரூ.13,171 கோடி. முடிந்தபோது செலவு ரூ.17,000 கோடியைத் தாண்டியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. 3, 4-வது உலைகளுக்கு 2017-லும், 5, 6-வது உலைகளுக்கு 2021-லும் கான்கிரீட் போட்டார்கள். ஆறும் ஓடினால் 6,000 மெகாவாட்.

உள்ளே என்ன நடக்கிறது?

அணுமின் நிலையம் என்றதும் ஏதோ மாயம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறார்கள்.

அனல் நிலையத்தில் நிலக்கரி எரிந்து தண்ணீர் ஆவியாகிறது. ஆவி, டர்பைன் என்கிற சக்கரத்தைச் சுற்றுகிறது. மின்சாரம் வருகிறது. அணுமின் நிலையத்தில் யுரேனியத்தின் அணுக்கரு பிளக்கும்போது வெப்பம் வருகிறது. மற்றது எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. 1,000 மெகாவாட் அணு உலை ஓர் ஆண்டு ஓட 25 முதல் 30 டன் எரிபொருள் போதும். அதே மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி என்றால் 40 லட்சம் டன்னுக்கு மேல் வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நிலக்கரி அடுப்பை அணைத்தால் அணைந்தது. அணு உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் சுட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டும். புகுஷிமாவில் உலைகள் பூகம்பம் வந்ததுமே நின்றுவிட்டன. சுனாமியில் ஜெனரேட்டர்கள் மூழ்கியதால் குளிர்விக்க வழி இல்லாமல் போனது. அதுதான் விபத்து.

2004 சுனாமியின்போது கல்பாக்கத்திலும் கடல் நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஆபத்து எதுவும் இல்லை. "பார்த்தீர்களா, பாதுகாப்பு இருக்கிறது" என்கிறார்கள் ஆதரவாளர்கள். "பார்த்தீர்களா, கடல் உள்ளே வரும்" என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். ஒரே சம்பவம், இரண்டு பாடம்.

இரு தரப்பும் சொல்வது

வேண்டும் என்பவர்கள் சொல்வது இது:- நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது. அணுவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். நிலக்கரிப் புகையால் பூமி சூடாகிறது. சூரிய ஒளி இரவில் கிடையாது. காற்று எல்லா மாதமும் வீசாது. ராத்திரியும் பகலும் புகை இல்லாமல் ஓடுவது அணு உலைதான்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது இது:- விபத்து அபூர்வம்தான். ஆனால் வந்தால் ஊரையே காலி செய்ய வேண்டும். எரிந்து முடிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகவே 24,000 ஆண்டுகள் ஆகும். அதை யார் காவல் காப்பது? கட்டி முடிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிறது. அந்தப் பணத்தில் காற்றாலையும் சூரியத் தகடும் சீக்கிரம் வைக்கலாம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. நாகர்கோவில் ரெயிலில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஜன்னலில் எட்டிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தால் அவற்றில் பல வெறுமனே நிற்கும். அதுவும் கண்ணால் பார்க்கிற உண்மை.

ரெயில் ஜன்னலில் தெரியும் விவாதம்

ஊருக்குப் போகிற நம் பாதையே இந்த விவாதத்தின் வழியாகத்தான் போகிறது. மேசேதா நிலையம் வந்ததும் கோலாகாட் புகைபோக்கிகள் தெரிகின்றன.

மறுநாள் ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் ரோடு. அங்கிருந்து விலகிக் கடற்கரைப் பக்கம் போனால் கோவ்வாடா. அமெரிக்க உலைகள் ஆறு, தலா 1,208 மெகாவாட் என்று திட்டம். நிலம் எடுத்தார்கள். 2025 முடிந்தபோதும் உலைக்குக் கான்கிரீட் போடவில்லை.

அப்புறம் நெல்லூருக்கு முன்னால் காவலி. ஹரிப்பூர் வேண்டாம் என்ற பிறகு, ரஷிய உலைகளுக்குப் பேசப்பட்ட இடம் இது. அங்கேயும் பேச்சு பேச்சாகவே இருக்கிறது.

பிறகு சென்னை. தெற்கே கல்பாக்கம். அங்கே 1983-ல் இந்திய என்ஜினீயர்கள் தாங்களே கட்டி ஓடவிட்ட உலை. கடைசியில் நெல்லைச் சீமை, கூடங்குளம்.

ஒரு டிக்கெட்டில் இத்தனையும் கடந்து போகிறோம். இதில் எந்த ஊர்க்காரரும் "எங்கள் ஊரில் கட்டுங்கள்" என்று மனு போட்டதாக நாம் கேள்விப்பட்டது இல்லை. விளக்கு எரிகிற இடம் ஒன்று. உலை எரிகிற இடம் வேறு.

கூடங்குளம் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு. மிச்சத்தில் கர்நாடகம், கேரளம், புதுச்சேரி பங்கு பெறுகின்றன. இடிந்தகரைக்காரருக்குக் கிடைப்பதும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே மின்சாரம்தான். பயம் மட்டும் அவர் பங்குக்கு அதிகம்.

இனி வரப்போவது என்ன?

விவாதம் இப்போது மீண்டும் சூடாவதற்குக் காரணம் உண்டு.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு பெரிய இலக்கு ஒன்றை அறிவித்தது. 2047-க்குள் 1 லட்சம் மெகாவாட் அணுமின்சாரம். அந்த ஆண்டில் நாட்டில் இருந்தது ஏறத்தாழ 8,800 மெகாவாட். அதாவது, 1969-ல் தாராப்பூரில் தொடங்கி இத்தனை ஆண்டுகளில் கட்டியதைப்போல பத்து மடங்குக்கும் மேல், அடுத்த 22 ஆண்டுகளில் கட்ட வேண்டும். சிறிய உலைகளை உருவாக்க ரூ.20,000 கோடி என்றும் சொன்னார்கள்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் புதிய அணுசக்திச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இதுவரை அரசின் கையில் மட்டும் இருந்த அணுமின் துறையில் தனியார் கம்பெனிகளும் நுழைய அது வழி செய்கிறது. முதலீடு வரும், வேலை வேகமாக நடக்கும் என்பது ஆதரவாளர்கள் வாதம். விபத்து நடந்தால் சாதனம் விற்ற கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமை சுருங்கிவிட்டது என்பது எதிர்ப்பாளர்கள் வாதம்.

எப்படியும், இன்னும் பல கடற்கரைகளுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் அதிகாரிகளின் வண்டிகள் போகப்போகின்றன.

கூடங்குளத்தில் வங்காளப் பையன்

பேச்சின் நடுவே மாஸ்டர் மொஷாய் ஒரு செய்தி சொன்னார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவருடைய தம்பி பேரன் வெல்டர். கோண்டாய் பக்கத்து அதே கிராமத்துப் பையன். அவன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் தெரியுமா? கூடங்குளத்தில்! புதிய உலைகளின் கட்டுமானத்தில், ஒரு காண்டிராக்டரிடம்.

"2006-ல் அவன் அப்பா சாலையை மறித்தான். இன்று மகன் அங்கே இரும்பை ஒட்டுகிறான். ஊரில் மீன் குறைந்துவிட்டது. வேறு வேலை இல்லை. என்ன செய்வது?" என்றார் அவர்.

நம் பெரியவர் சிரித்தார். "நான் பிழைக்க இங்கே வந்தேன். உங்கள் பையன் பிழைக்க என் ஊருக்குப் போயிருக்கிறான். கணக்கு சரியாகப் போய்விட்டது" என்றார்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு வேதனை இருக்கிறது. 2020 மே மாதம் ஊரடங்கின்போது, கூடங்குளத்தில் வேலை பார்த்த வடமாநிலத் தொழிலாளர்கள் "எங்களை ஊருக்கு அனுப்புங்கள்" என்று கேட்டுப் போராடினார்கள். மொழி தெரியாத ஊரில் அகப்பட்டுக்கொண்டவர்களின் தவிப்பு எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அணுமின் நிலையம் வேண்டுமா என்ற கேள்வியில் இந்தத் தொழிலாளியும் ஒரு கட்சிக்காரன்தான். வேண்டாம் என்றால் அவன் கூலிக்கு வேறு வழி சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் அவன் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தங்கையிடம் கேட்டார்

பெரியவருடைய தங்கை ஊரிலேயே இருக்கிறார். நம் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டார். நாமும் பேசினோம்.

"பயம் இல்லையா?" என்று கேட்டோம்.

"பயம் இல்லாம இருக்குமா? ஆனா எத்தனை நாளைக்குப் பயந்துகிட்டே இருக்க முடியும்? காலைல எந்திரிச்சா தண்ணி புடிக்கணும், ஆட்டை அவுக்கணும். அண்ணன் வந்து வீடு கட்டினா எனக்கும் ஒரு துணை. அங்க இருந்துகிட்டு யோசிச்சுகிட்டே இருந்தா எப்படி?" என்றார்.

கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார்:- "ஒண்ணு மட்டும் தெரிஞ்சா நல்லா இருக்கும். சங்கு ஊதினா எந்தப் பக்கம் ஓடணும்? கிழக்கயா, மேக்கயா? எங்க தெருவுல யாரக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக."

பெரியவரின் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இதைத்தானே நான் இத்தனை நாளாகக் கேட்கிறேன்" என்றார்.

16 கிலோமீட்டர்

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு.

அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகால ஏற்பாட்டுப் பகுதி. அங்கே விபத்துக் காலத்துக்கான திட்டம் தயாராக இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத் தலைவர் மாவட்டக் கலெக்டர். எந்த ஊர் மக்களை எந்தச் சாலை வழியாக எங்கே கொண்டுபோவது, யார் வண்டி ஏற்பாடு செய்வது, அயோடின் மாத்திரை எங்கே இருக்கும் என்பதெல்லாம் திட்டத்தில் இருக்க வேண்டும். கதிர்வீச்சு அயோடின் கழுத்துச் சுரப்பியில் தங்காமல் தடுக்க அந்த மாத்திரை உதவும். நேரத்தில் விழுங்கினால்தான் பலன்.

2012 ஜூனில், முதல் உலை ஓடுவதற்கு முன், கூடங்குளம் பக்கத்து நக்கனேரி கிராமத்தில் ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகை ஒரு தடவை நடந்தால் போதாது. அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவன் இன்று குடும்பஸ்தன். அன்று ஊரில் இல்லாத வெல்டர் இன்று ஊரில் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு அவன் மொழியில் சொல்ல வேண்டாமா?

அணு உலை வேண்டும், வேண்டாம் என்று வாதாடுவது பெரிய மனிதர்கள் வேலை என்று ஒதுங்கிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியை ஒரு குமாஸ்தா கேட்கலாம். ஒரு கூலியாள் கேட்கலாம். ஆடு மேய்க்கிற தங்கச்சி கேட்கலாம்.

இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தவர்கள்தான், அடுத்த உலையைக் கட்ட இடம் கேட்டு இன்னோர் ஊருக்குப் போகும் தகுதி உடையவர்கள். "ஆபத்தே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களை யாரும் நம்பமாட்டார்கள். "ஆபத்து வந்தால் இதுதான் வழி, இதோ சாலை, இதோ வண்டி, இதோ மாத்திரை" என்று காட்டுகிறவர்கள் பேச்சை ஊர் உட்கார்ந்து கேட்கும். கேட்ட பிறகு அந்த ஊர் வேண்டாம் என்று சொன்னால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். சாலையை மறித்த பிறகுதான் காது கேட்கும் என்ற நிலை இருக்கக்கூடாது.

ஆதரிப்பவர்களுக்கு மட்டும் அல்ல, எதிர்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹரிப்பூர் தப்பியது. ஆனால் கோலாகாட்டில் சாம்பல் நிற்கவில்லை. "இது வேண்டாம்" என்று சொல்லும்போது, "அப்படியானால் விளக்கு எதில் எரியும், அதன் சாம்பல் யார் வாசலில் விழும்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாலு கேள்வி

கடைசியில் பெரியவர் என்ன முடிவு செய்தார்?

முடிவு செய்தது அவருடைய மனைவி. "கலெக்டர் ஆபீசுக்கு எழுதுங்கள். பதில் வரட்டும். பதிலைப் படித்துவிட்டு நான் சொல்கிறேன்" என்றார்.

38 ஆண்டு காலம் ஆபீஸ் கடிதம் எழுதிய கை அல்லவா! உடனே வெள்ளைத் தாளை எடுத்தார். கோணல் இல்லாத குண்டு எழுத்தில் நாலு கேள்வி எழுதினார்:-

"எங்கள் கிராமத்துக்கு அபாயச் செய்தி எப்படி வரும்? நாங்கள் எந்த இடத்தில் கூட வேண்டும்? எந்தச் சாலையில் போக வேண்டும்? மாத்திரை யாரிடம் இருக்கும்?"

மாஸ்டர் மொஷாய் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனாலும் வரி வரியாக விரலை ஓட்டினார்.

"இதை வங்காளத்திலும் எழுதித் தரட்டுமா? என் பேரனுக்கு அனுப்ப வேண்டும். அவனும் தெரிந்துகொள்ளட்டும்" என்றார்.

இரண்டு தாளும் மறுநாளே தபாலில் சேர்ந்துவிட்டன. ஒன்று நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு. மற்றது கூடங்குளத்தில் ஒரு தொழிலாளர் கொட்டகைக்கு.

பதில் வந்தால் தை மாதம் வாஸ்து பார்த்து அஸ்திவாரம் தோண்டுவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். முருங்கைக் கொம்பு எந்தப் பக்கம் நடுவது என்பதில் மட்டும் கணவன்-மனைவி இடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

கல்பாக்கம், கூடங்குளம் பக்கத்து வாசகர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, இந்த நாலு கேள்வியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.